வளர்பிறை வெள்ளிக்கிழமை

டயகம,
15.10.1961

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் முத்துலிங்கம் கடையில் கிடைத்தது. சீனி வாங்கப் போன என்னிடம் சீனிப் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுத்தார். "பேரு பேச்சி. வாயத் தொறந்து ஒரு வார்த்த வராது. கடுதாசி மட்டும் வந்துகிட்டே இருக்கு" என்று நின்றவர்களிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மீதிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன்.

மச்சான் வீட்டுக் காலண்டரில் புனிதர்களின் நாள்தான் போட்டிருக்கிறது, பிறை போடவில்லை என்று எழுதியிருந்தாய். அப்பாவின் பஞ்சாங்கத்தில் பார்த்தேன். கேரட்டுக்கு இம்மாதம் 25ஆம் திகதி, புதன்கிழமை நல்லது. அன்று தேய்பிறை, கார்த்திகை நட்சத்திரம், கீழ்நோக்கு நாள். மண்ணுக்குக் கீழே விளைவதெல்லாம் அப்படிப்பட்ட நாளில் போட்டால்தான் இறங்கும் என்பது உனக்கும் தெரியும். கீரை, கோவா என்று மண்ணுக்கு மேலே விளைவதையெல்லாம் பிறை வளரும்போது போடு. சந்திரன் சிம்மத்தில் நிற்கும் நாளில் விதையைத் தொடாதே. மீனத்தில் நின்றால் யோசிக்காமல் போடு.

நான் பஞ்சாங்கத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்ததை அப்பா பார்த்துவிட்டார். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் போய் லீக்ஸ் பாத்தியில் குனிந்துகொண்டு, லீக்ஸுக்குச் சொல்வதுபோல, "மேட்டுல பனி கூட. கேரட்டுக்குக் கொஞ்சம் ஆழமாக் கீறணும்" என்றார். நம்முடைய துண்டு நிலம் பள்ளத்தில் இருக்கிறது. எந்த மேடு என்று நான் கேட்கவில்லை.

நீ அந்த ரயில்வேக்காரரோடு போய்ச் சர்ச்சில் தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்பா உன் பெயரைச் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எழுதத் தோன்றியது.

தங்கை,
பேச்சியம்மா


பட்டிப்பொல,
5.11.1961

என் பேச்சிக்கு,

நீ சொன்ன புதன்கிழமையே போட்டுவிட்டேன். ஆழமாகத்தான் கீறினேன். உன் மச்சான் தண்டவாளத்து வேலை முடிந்து வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். "நான் ரயிலுக்கு நேரம் பாக்குறேன். நீ கேரட்டுக்கு நேரம் பாக்குற. ரெண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம்தான்" என்றார். "உங்க ரயிலு ஒருநாளாவது நேரத்துக்கு வந்திருக்கா? என் கேரட்டு வரும்" என்றேன்.

பேச்சி, ஒரு செய்தி. எனக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது. மாசி பிறந்ததும் பிறக்குமாம். ஆறு மாதமாகிவிட்டது. உனக்கே இப்போதுதான் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. எழுதினால் அப்பாவிடம் சொல் என்றும் எழுதவேண்டி வரும். அதற்குப் பயந்தேன்.

இப்போது எழுதிவிட்டேன். அப்பாவிடம் சொல். அம்மா இருந்தால் உன்னைக் கேட்கமாட்டேன். நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உன் அக்கா,
அழகம்மா
(இங்கே எல்லோருக்கும் நான் ரோசலின். உனக்கு மட்டும் பழைய பெயர்.)


டயகம,
26.11.1961

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். மூன்று ஞாயிறு தாமதமாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கும்போது இன்றைக்குச் சொல்லவேண்டும் என்று நினைப்பேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் எடுக்கப் போய்விடுவேன்.

இன்று காலை அவர் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் முதுகு என் பக்கம் இருந்தது. முகம் தெரியாததால் சொல்ல முடிந்தது. "அப்பா, அக்கா முழுகாம இருக்கு" என்றேன். அவர் பிடுங்குவதை நிறுத்தவில்லை. களையோடு ஒரு லீக்ஸையும் பிடுங்கிவிட்டார். அதைத் திரும்ப நட்டு மண் அணைத்தார். திரும்பிப் பார்க்காமலே, "எந்த மாசம்?" என்று கேட்டார்.

"மாசி."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். பஞ்சாங்கத்தை எடுத்துத் தை, மாசிப் பக்கங்களைப் பார்த்தார். பிறகு, "மொதப் புள்ள தாய் வீட்டுலதான் பொறக்கணும். ஊரு சிரிக்கும்" என்றார்.

எந்த ஊர் சிரிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. சிரிக்கிற ஊர் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டது. அவருக்கு உன்னை அழைத்துவர ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

பேச்சி


பட்டிப்பொல,
7.1.1962

என் பேச்சிக்கு,

உன் கடிதத்தை இடுப்பிலேயே வைத்திருந்ததில் கிழிந்துவிட்டது. அப்பா வா என்றுதானே சொல்லியிருக்கிறார் என்று உன் மச்சானிடம் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். "வான்னு எழுதலையே" என்றார். "எங்கப்பா பேச்சு அப்படித்தான். உங்களுக்கு வெளங்காது" என்றேன்.

போன கிழமை பண்டாரவளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். இன்னும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், வலி கண்டபிறகு ரயிலுக்குக் காத்திருக்கும்படி வைத்துக்கொள்ளாதே, முன்னதாகவே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வந்து இரு என்று டாக்டர் சொன்னார். டயகமவில் தோட்டத்து ஆஸ்பத்திரி நம் லயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மிட்வைஃப் அம்மா என்னைச் சிறுமியிலிருந்து அறிந்தவர். அதனால் எப்படிப் பார்த்தாலும் நான் அங்கே வருவதுதான் சரி. அப்பாவை ஒரு நாள் சொல்லச் சொல். உன் மச்சான் கொண்டுவந்து விடமாட்டார். அப்பா வந்து அழைத்தால்தான் அனுப்புவேன் என்கிறார். அவருக்கும் ஒரு ரோஷம் இருக்காதா?

எட்டுக் கிரகங்களும் ஒரே ராசியில் கூடி உலகம் அழியப்போகிறது என்று பத்திரிகையில் வந்ததாம். உன் மச்சான் தண்டவாள வேலைக்காரர்களுக்கு அதைப் படித்துக் காட்டி, "அப்ப சம்பளத்த முன்கூட்டியே கேட்டிருவோம்" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அழகம்மா


டயகம,
15.1.1962

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுப் பொங்கல். பால் பொங்கும்போது அப்பா நாள் சொன்னார். பெப்ரவரி 9ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. வளர்பிறைப் பஞ்சமி, ரேவதி நட்சத்திரம், சந்திரன் மீனத்தில். அன்று காலை ரயிலில் அப்பா பட்டிப்பொலவுக்கு வந்து உன்னை அழைத்துக்கொண்டு வருவார். உன் பெயரைச் சொல்லவில்லை. "அவள" என்றார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

ஏன் அவ்வளவு தள்ளி என்று நீ கேட்பாய். எட்டுக் கிரகமும் மகரத்தில் கூடுவது பெப்ரவரி 3, 4, 5ஆம் திகதிகளில். ஐந்தாம் திகதி அமாவாசை. அதற்கு முன்னால் தேய்பிறை. இந்த நாள்களில் அப்பா ஒரு கத்தரி நாற்றைக்கூட இடம் மாற்றமாட்டார். பக்கத்துக் காம்பரா வீட்டு மீனம்மா அக்காள், "அண்ணே, புள்ளத்தாச்சிக்குக் கெரகம் பாத்தா வலி வருது? முன்னாலயே கூட்டிட்டு வந்திருங்க" என்று சொல்லிப் பார்த்தது. "மீனம்மா, போனவ நாள் பாக்காமப் போனா. வர்றப்பவாச்சும் நல்ல நாள்ல வரட்டும்" என்றார் அப்பா.

அக்கா, அவர் நம் காம்பராச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். அடுப்புப் பக்கம் சாக்குக் கட்டி உனக்கு ஒரு மறைப்புச் செய்திருக்கிறார்.

பேச்சி


பட்டிப்பொல,
20.1.1962

பேச்சி,

சுண்ணாம்பு அடிக்கிறாரா? அந்த வரியைப் படித்து அழுதேன்.

ஆனால் ஒரு விஷயம். உன் மச்சானுக்கு 28ஆம் திகதி ஞாயிறு லீவு கிடைத்திருக்கிறது. அவருடைய செபமாலைப் பெரியம்மா பண்டாரவளையில் ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன், பிள்ளை பிறந்தபிறகு உன் அப்பா வீட்டுக்குப் போகலாம் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். வயிறு இறங்கிவிட்டது போல இருக்கிறது. பிள்ளை இன்னும் திரும்பவில்லை.

அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்தால் நான் பண்டாரவளைக்குப் போகத் தேவையில்லை. கேட்டுப் பார். நீ கேட்கப் பயப்படுவாய் என்று தெரியும். எனக்காக ஒருமுறை.

அழகம்மா


டயகம,
24.1.1962

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டேன். முகத்தைப் பார்த்தே கேட்டேன். "அக்காவுக்கு முடியலயாம்ப்பா. இந்தக் கிழமையே போய்க் கூட்டிட்டு வந்திருவோமா?" என்றேன்.

அப்பா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நான் இன்னும் ஏதாவது சொல்லியிருப்பேன். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பஞ்சாங்கத்தை விரித்து, விரலால் ஒவ்வொரு நாளாகக் காட்டினார். "இது அட்டமி. இது நவமி. இங்க பாரு, சந்திரன் தேள்ல நிக்குது. எப்படிக் கூட்டிட்டு வரச் சொல்ற? கெரகம் கலையட்டும். பிறை தெரியட்டும். கொஞ்ச நாள் எனக்காகப் பொறுக்க மாட்டாளா?" என்றார்.

எனக்காக என்று சொன்னார், அக்கா. அதை அப்படியே எழுதுகிறேன். பண்டாரவளைக்குப் போவதாக இருந்தால் போ. நான் அப்பாவிடம் எப்படியாவது சொல்லிக்கொள்கிறேன்.

பேச்சி


பட்டிப்பொல,
27.1.1962

பேச்சி,

நான் போகவில்லை. உன் மச்சான் கத்தினார். "அவரு ஒரு நாள் குறிச்சா ஒனக்கு வேதவாக்கு. நான் புருஷன் சொன்னா ஒண்ணுமில்ல" என்றார். ஒன்றே முக்கால் வருஷத்துக்குப் பிறகு அப்பா எனக்கென்று சொன்ன முதல் வார்த்தை அந்த நாள்தான் என்று இவருக்கு எப்படி விளங்கவைப்பது? அதையும் நான் தட்டினால் இன்னொரு வார்த்தை வராது.

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டேஷனிலேயே நிற்பேன் என்று சொல். பெட்டி கட்டிவிட்டேன்.

அழகம்மா


டயகம,
11.2.1962

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி வியாழக்கிழமை வந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கிளாக்கர் ஐயா அதைப் படித்துவிட்டு, "குழந்தை தவறிருச்சாம். ரோசலின் சுகமா இருக்காம். யாரும் வரவேண்டாமாம். சோலமல, ரோசலினுங்கிறது யாருய்யா?" என்று கேட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் மகதாங்க" என்றார் அப்பா.

அதற்கு முந்திய நாள்தான், கிரகம் கூடியும் உலகம் அழியவில்லை என்று சொல்லி லயத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அப்பாவும் சிரித்தார். இனிமேல் பயமில்லை என்றார்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் எழுந்து குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டார். வரவேண்டாம் என்றுதானே தந்தி என்று மீனம்மா அக்காள் கேட்டபோதே படியிறங்கிவிட்டார். மாலையில் திரும்பி வந்தார். தலவாக்கொல்லை ஸ்டேஷனில் டிக்கட் எடுத்தாராம். வண்டி வந்ததாம். ஏறவில்லையாம். இவ்வளவுதான் சொன்னார்.

மறைப்புச் சாக்கை நான் அவிழ்க்கவில்லை. அவரும் அவிழ்க்கவில்லை.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஒரு வரி எழுது.

பேச்சி


டயகம,
11.3.1962

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் முத்துலிங்கம் தலையை ஆட்டுகிறார். கேலி செய்வதில்லை.

இங்கே நடந்ததை எழுதுகிறேன். உருளைக்கிழங்கு போடவேண்டிய காலம் வந்தது. தேய்பிறைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வேலை முடிந்ததும் மண்வெட்டியை எடுத்தார். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். வளர்பிறை, நவமி, ரோகிணி, மேல்நோக்கு நாள். கிழங்குக்கு ஒன்றுகூட ஒத்துவராது. முளை விட்ட விதைக்கிழங்கு முழுவதையும் அன்றே புதைத்தார். "அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு. நவமியில மம்முட்டியத் தொடுற ஆளா அது" என்று மீனம்மா அக்காள் என் காதில் சொன்னது.

எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. நேற்றுத்தான் விளங்கியது. அவர் தினமும் காலையில் போய் அந்தப் பாத்தியைப் பார்த்துவிட்டு வருகிறார். நேற்று நானும் கூடப் போனேன். முளை வந்திருந்தது. பாத்தி முழுவதும் நன்றாக வந்திருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கெட்ட செய்தி கேட்டவர் முகம்போல இருந்தது.

அது அழுகிப்போக வேண்டும் என்று அவர் காத்திருக்கிறார், அக்கா. அழுகினால், நாள் பார்த்தது சரிதான், அவர் குறித்த நாளில் குற்றமில்லை என்றாகும். உரம் போடவில்லை. மண் அணைக்கவில்லை. அது பாட்டுக்கு வளர்கிறது.

பேச்சி


பட்டிப்பொல,
25.3.1962

பேச்சி,

இனி எனக்கு நாள் எழுதாதே.

நடந்ததைச் சொல்கிறேன். பெப்ரவரி ஐந்தாம் திகதி, திங்கட்கிழமை காலையில் வலி வந்தது. கடைவீதியில் ஒரேயொரு கார் இருக்கிறது. கிரகம் கூடும் நாளில் காரை வெளியே எடுக்கமாட்டேன், நாளைக்கு வாருங்கள் என்று அதன் சொந்தக்காரர் சொன்னார். உன் மச்சான் அவர் காலில் விழுந்தார். அவர் யார் காலிலும் விழுகிற ஆளில்லை. பிறகு பகல் ரயிலுக்குக் காத்திருந்து, என்னைப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பிள்ளை உயிரோடுதான் பிறந்தது. ஆண். அழவில்லை. நர்ஸ் தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் வைத்தார். உன் மச்சான் கையில் கொஞ்ச நேரம் இருந்தது. நான் பார்க்கவில்லை. எனக்கு நினைவில்லை.

திரும்பும்போது அடுத்த தெருவில் பெரியம்மா வீட்டைப் பார்த்தேன். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஞாயிறே வந்திருந்தால் அங்கிருந்து மெதுவாக நடந்தே போயிருக்கலாம்.

உன் மச்சான் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொன்னால் நன்றாக இருக்கும்.

நான் அப்பாவைத் திட்டவும் முடியவில்லை. அவர் போகாதே என்று சொல்லவில்லை. பொறு என்றார். பொறுத்தது நான்தான். உனக்குத் துணிச்சல் இருந்தால் இதை அப்பாவிடம் படித்துக் காட்டு. இல்லாவிட்டால் அடுப்பில் போடு.

அழகம்மா


டயகம,
3.6.1962

அன்புள்ள அக்காவுக்கு,

அடுப்பில் போடவில்லை. படித்துக் காட்டவும் இரண்டு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது.

இன்று கிழங்கு கிண்டினோம். இந்தத் துண்டில் இதுவரை இப்படி விளைந்ததில்லை. ஒரு செடியைப் பிடுங்கினால் கை கொள்ளவில்லை. லயத்துச் சனம் வந்து வேடிக்கை பார்த்தது. "சோலமலண்ணே, இனிமே நாங்களும் நவமியிலதான் போடப்போறோம்" என்று வீரய்யா சொன்னார். அவர் பாராட்டித்தான் சொன்னார். அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கிழங்கைக் கையில் உருட்டிக்கொண்டு, "ஒண்ணாவது அழுகியிருக்கலாம்ல" என்றார். வீரய்யாவுக்கு விளங்கவில்லை.

சனம் போனபிறகு கேட்டார். "அவளுக்கு எப்ப வலி வந்துச்சாம்?"

நான் உள்ளே போய் உன் கடிதத்தை எடுத்துவந்து, நின்றபடி சத்தமாகப் படித்தேன். கார்க்காரர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். "படி" என்றார். கடைசி வரைக்கும் படித்தேன். அடுப்பில் போடு என்று நீ எழுதியதையும் படித்தேன். கடிதத்தை வாங்கி, எழுத்தைப் பார்க்காமல் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

ஒரு சின்னச் சாக்கில் கொஞ்சம் கிழங்கு கட்டி வைத்திருக்கிறார். எதற்கென்று சொல்லவில்லை. இந்தக் கிழமை பெரட்டுக்கு வரமாட்டேன் என்று கங்காணியிடம் சொல்லியிருக்கிறார். உனக்கு எழுதிவைக்கவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பேச்சி


பட்டிப்பொல,
10.6.1962

என் பேச்சிக்கு,

அப்பா வந்தார். உன் கடிதத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

ரயிலில் வரவில்லை. டயகமவிலிருந்து காட்டுப் பாதையில் ஏறி, மேலே புல்வெளியைக் கடந்து நடந்தே வந்திருக்கிறார். மழையில் நனைந்து, காலெல்லாம் அட்டை கடித்து இரத்தம். சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றார். நான் குழாயடியில் நின்றேன். உள்ளே வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை நோகடிக்கவேண்டும் என்றுதான் வந்தது.

"இன்னைக்கு நல்ல நாளாப்பா? பாத்துத்தான் வந்தீங்களா?" என்றேன்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இன்னைக்கு என்னா கெழம புள்ள?" என்று என்னைக் கேட்டார்.

பேச்சி, நம் அப்பாவுக்குக் கிழமை தெரியவில்லை.

உள்ளே கூட்டிவந்து அட்டை கடித்த இடத்துக்கு உப்பு வைத்தேன். உன் மச்சான் வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றார். அப்பா எழுந்துவிட்டார். பிறகு இவர்தான், "உக்காருங்க மாமா. தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்றார்.

மறுநாள் கல்லறைக்குக் கூட்டிப்போனோம். ஒரு மண்மேடும் மரச் சிலுவையும்தான் இருக்கிறது. அப்பா குந்தி உட்கார்ந்து அதில் முளைத்த புல்லையெல்லாம் கையாலேயே பிடுங்கினார். பூச்செடி ஏதாவது நடலாமா என்று உன் மச்சான் கேட்டதற்கு வேண்டாம் என்றார். பெயர் என்ன என்று என்னைக் கேட்டார். அமிர்தநாதன் என்றேன். ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நாக்குக்குப் பழகாத பெயர். திருத்தி இன்னொரு முறை சொன்னார்.

நேற்றுப் புறப்படும்போது, "வீட்டுக்கு வா புள்ள" என்றார்.

"எப்பப்பா?"

"எப்ப வேணும்னாலும்."

நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. ரயில் போனபிறகும் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வார்த்தையைத் தை மாதத்தில் சொல்லியிருக்கலாம், பேச்சி.

உன் அக்கா,
அழகம்மா